எனக்குக் காட்டாத தோட்டங்கள்

ஒசாகா
1994 மே 9

அன்புள்ள அப்பாவுக்கு,

தொலைபேசியில் நான் பேசி முடிப்பதற்குள் "சரி சரி, எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன். இதையும் பாதியில் மடித்துவிடாதீர்கள்.

எங்கள் பதிப்பகம் தகமாட்சு நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தோட்டங்கள், பூங்காக்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறது. "உன் சொந்த ஊர்தானே" என்று ஆசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். சொந்த ஊர் என்றுதான் பெயர். பன்னிரண்டு இடங்களில் நான் பார்த்தது இரண்டே இரண்டு, அதுவும் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போனபோது. மீதியைத் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஆசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள்.

எழுதிய பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த நிலையத்தில் இறங்குவது, எவ்வளவு தூரம் நடப்பது என்பதை மட்டும் சரிபார்த்தால் போதும். முப்பத்தைந்து வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டில் நின்றவருக்கு அது தெரியாமல் இருக்காது. பூவையும் குளத்தையும் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதற்கெல்லாம் உங்களுக்கு என்றைக்கு நேரம் இருந்தது?

அம்மாவின் படத்துக்கு முன்னால் பூ மாற்றுகிறீர்களா? போன முறை வந்தபோது காய்ந்து கிடந்தது.

உங்கள் மகள்,
சயோகோ

*

தகமாட்சு
மே 16

சயோகோவுக்கு,

பருவம் எப்படி, உடம்பு எப்படி என்றெல்லாம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. உன் பக்கங்களைப் படித்தேன். இதை அச்சடித்துக் காசுக்கு வேறு விற்கப் போகிறீர்களா? வெட்கமாக இல்லையா?

ரிட்சுரின் தோட்டத்துக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போகச் சொல்லியிருக்கிறாய். பேருந்தில் வந்து இறங்கும் கூட்டம் முழுவதும் அங்கேதான் நிற்கும். வடக்கு வாசலில் நுழைய வேண்டும். நுழைந்ததும் குன்றைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஏறக் கூடாது. சின்னக் கால்கள் முதலிலேயே களைத்துப்போனால் பிறகு தேநீர்க் கூடம் வரைக்கும் தூக்கிச் சுமக்க வேண்டியதுதான். முதலில் குளம், கெண்டை மீன், கடைசியில் குன்று.

தமாமோ பூங்காவில் "கோட்டை அகழியில் மீன்கள் உள்ளன" என்று ஒரு வரி. ஒரே வரி! அது கடல் தண்ணீர், அம்மா. கடலின் சிவப்பு மீன் கோட்டைக்குள் வந்து நீந்துகிறது. அலை ஏறும்போது மதகுக்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு வரும். குழந்தைகள் பயந்து அழும். இடது பக்கம் நிற்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "மீனுங்க வீட்டுக்கு வருது, அதான் சத்தம்" என்று சொன்னால் அழுகை நிற்கும்.

நகாவோவில் கமேஸுரு பூங்கா. ஜூன் மாதம் ஐரிஸ் பூக்கும் என்றால் போதுமா? குளத்து நடுவே போகும் பாதையில் நின்றால் பெரியவர்களுக்குத்தான் பூ தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்கு வெறும் தண்டுதான் தெரியும். தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதை எழுது. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை என்பதையும் எழுது. மழைநாளுக்கு புஷோஸான்தான் நல்லது. கோவில் வாசல் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிடலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

மருகமேயில் நகாஸு தோட்டம். குடைபோலப் பரந்து கிடக்கும் பைன் மரத்தை விட்டுவிட்டாய். அதன் கீழே நின்று "வீடு மாதிரி இருக்குப்பா" என்று சொல்லாத குழந்தை கிடையாது.

மினேயாமா குன்றுக்கு நடந்து ஏற அரை மணி என்கிறாய். உனக்கு அரை மணி. பிள்ளையோடு போனால் ஒரு மணிக்கு மேல்.

ஒன்பது பக்கத்துக்கு இருபத்தேழு தவறு. சிவப்புப் பேனாவில் குறித்திருக்கிறேன். பார்க்காத இடத்தைப் பார்த்ததுபோல எழுதுவதற்குப் பெயர் பொய்.

பூ மாற்றுகிறேன்.

மனாபே தெய்ஜி

*

ஒசாகா
மே 21

அப்பாவுக்கு,

திருத்தங்களுக்கு நன்றி. ஆசிரியர் படித்துவிட்டு, "யார் இந்த மனிதர்? இவரையே எழுதச் சொல்லியிருக்கலாமே" என்றார். என் அப்பா என்று சொன்னேன். "கொடுத்து வைத்தவள் நீ, சின்ன வயதில் எல்லா இடமும் சுற்றியிருப்பாய்" என்றார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

கோபப்படுவதில் உங்களுக்கு நான் குறைந்தவள் இல்லை. ஆகவே நேராகவே கேட்கிறேன்.

யாரைத் தோளில் ஏற்றிக்கொண்டீர்கள்?

மதகின் இடது பக்கத்தில் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? என் கை இல்லை. எனக்குத் தமாமோவில் மதகு இருப்பதே உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. "வீடு மாதிரி இருக்குப்பா" என்று சொன்னது எந்தக் குழந்தை?

மாதத்தில் ஒரு ஞாயிறு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் நீங்கள் சீருடை இல்லாமல், சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு புறப்படுவீர்கள். ஒருமுறை சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"நானும் வரேன்."

"டூட்டிக்குப் போறேன்டி. டூட்டிக்கெல்லாம் குழந்தையைக் கூட்டிப் போக முடியுமா?"

"ஞாயித்துக்கிழமைகூடவா டூட்டி?"

"ரயிலுக்கு ஞாயிறு ஏது? விடு."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டுப் போனீர்கள். அந்த நாளெல்லாம் அம்மா வீட்டிலுள்ள எல்லா மெத்தை உறைகளையும் துவைப்பாள். மழை பெய்தாலும் துவைப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதுவது பொய் என்கிறீர்கள். பார்த்ததைப் பார்க்காததுபோல வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பதற்கு என்ன பெயர்?

சயோகோ

*

தகமாட்சு
ஜூன் 2

சயோகோ,

புத்தகம் எழுதச் சொன்னால் புத்தகத்தை எழுது. போலீஸ்காரன்போல விசாரிக்கும் வேலையை யாரும் உனக்குக் கொடுக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் கிடையாது. இந்த வருடம் மழையும் கிடையாது. வயல்களுக்கு இப்போதே தண்ணீர் பற்றவில்லை. இது மட்டும்தான் இங்கத்திய செய்தி.

அப்பா

*

ஒசாகா
ஜூலை 20

மனாபே தெய்ஜி அவர்களுக்கு,

நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தீர்கள். பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப் பதிவேட்டின் நகல் வேண்டியிருந்தது. என் பெயருள்ள பகுதி மட்டும் போதும் என்றார்கள். நான் முழு நகல் கேட்டுத் தகமாட்சு நகராட்சிக்கு எழுதினேன். நேற்று தபாலில் வந்தது.

அம்மாவின் பெயருக்கு முன்னால் இன்னொரு மனைவியின் பெயர். கினு. அதன்மேல் குறுக்கே இரண்டு கோடு. அடுத்தது ஒரு குழந்தையின் பெயர். தோமொயே, மூத்த மகள், பிறப்பு 1956. அதன்மேலும் குறுக்கே இரண்டு கோடு. அதற்கப்புறம் அம்மா. அதற்கப்புறம் நான். சயோகோ, மூத்த மகள்.

ஒரே தாளில் இரண்டு மூத்த மகள்கள், அப்பா. அரசாங்கத்துக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஒருத்தியை அடித்துவிட்டு இன்னொருத்தியை எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதை முப்பத்திரண்டாவது வயதில் ஒரு கிளார்க்கின் கையெழுத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்கு ரிட்சுரின், அவளுக்குத் தமாமோ, அவளுக்கு ஐரிஸ் பூ. எனக்கு? இரவுப் பணி முடிந்து வந்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கும் ஒரு மனிதர். "சத்தம் போடாதே, அப்பா தூங்கறார்." என் சிறு வயது முழுவதும் அந்த ஒரே வாக்கியம்தான்.

இன்னொரு குழந்தை இருந்தது என்பதற்கு எனக்குக் கோபமில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னையும் கூட ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த இடங்களில் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அவளோடு வேண்டாம். வேறொரு நாளில். ஏன் கூட்டிப் போகவில்லை? இதற்குப் பதில் வராவிட்டால் இதுவே என் கடைசிக் கடிதம்.

சயோகோ

*

தகமாட்சு
ஆகஸ்ட் 3

சயோகோ,

குழாயில் மாலையில் ஐந்து மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. வாளிகளில் பிடித்து வைத்துவிட்டுப் பகல் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ மிரட்டியதால் இல்லை.

கினு நகாவோ ஊர்க்காரி. அவளுக்கும் என் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. தினமும் சண்டை. நான் யார் பக்கமும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒருநாள் அவளுடைய அப்பா வந்து, "வாயில்லாத மாப்பிள்ளைகிட்ட என் பொண்ணை விட்டுவைக்க மாட்டேன்" என்று கினுவையும் குழந்தையையும் கூட்டிப் போய்விட்டார். அப்போதும் நான் பேசவில்லை. தோமொயேவுக்கு மூன்று வயது.

நம் நாட்டில் பிரிந்துவிட்டால் குழந்தை ஒருவருக்குத்தான். நான் கெஞ்சிக் கேட்டதில் மாதத்தில் ஒரு ஞாயிறு கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு நான் போகக் கூடாது. கினுவின் தங்கை பத்து மணிக்கு நிலையத்துக்குக் கூட்டி வருவாள். நான்கு மணிக்கு அதே இடத்தில் திருப்பி விட வேண்டும்.

பிறகு உன் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். ஹருயோ என்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைத் தவிர: "நீங்க போய்ப் பாருங்க. நான் தடுக்கலை. ஆனா அந்தப் பொண்ணு இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எனக்குப் பிறக்கற குழந்தைக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." செய்தேன்.

அங்கே போகக் கூடாது, இங்கே கொண்டுவரக் கூடாது. ஒரு அப்பா தன் குழந்தையோடு எங்கேதான் உட்காருவது? அதனால்தான் தோட்டம். பூ பார்க்கும் ஆசை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. உட்கார இடம், கழிவறை, மழைக்கு ஒரு கூரை இருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு இடத்தையும் முந்தின வாரமே போய்ப் பார்த்து வைப்பேன்.

நீ பிறந்த மறு வருடம். கமேஸுருவில் தோமொயேவைத் தோளில் வைத்திருந்தேன். மேலிருந்து கேட்டாள்.

"வீட்டுல பாப்பா இருக்காமே. சித்தி சொன்னா."

"ஆமா."

"அது தினமும் உங்களோடயே இருக்குமா?"

"ஆமா."

"அதையும் இங்கல்லாம் கூட்டிட்டு வருவீங்களா?"

"மாட்டேன்."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட மாட்டேன். இதெல்லாம் உனக்கு மட்டும்தான்."

ஏழு வயதுக் குழந்தைக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? நீயே சொல். உனக்கு வீடு இருந்தது. அம்மா இருந்தாள். மாதத்தில் மற்ற நாளெல்லாம் நான் இருந்தேன். அவளுக்கு மாதத்தில் ஆறு மணி நேரம். அதையும் உன்னோடு பங்குபோட எனக்கு மனசு வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பதினேழாவது வயதில், ரிட்சுரின் குளக்கரையில், "இனிமே வர வேண்டாம்பா" என்றாள். வளர்ந்துவிட்டாள், தோழிகள் இருப்பார்கள் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. மருகமேயில் விவசாய இயந்திரங்கள் பழுதுபார்க்கும் ஹொசோகாவா என்பவனைக் கட்டிக்கொண்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவ்வளவுதான் தெரியும்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகத் தூங்கு.

அப்பா

*

ஒசாகா
செப்டம்பர் 26

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் தூங்கவில்லை. "மற்ற நாளெல்லாம் நான் இருந்தேன்" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அவளோடு ஆறு மணி நேரம் நீங்கள் பேசியதில் பாதிகூட என்னோடு பதினெட்டு வருடத்தில் பேசவில்லை.

இரண்டு சத்தியம் செய்திருக்கிறீர்கள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அவளுக்கு. இரண்டுக்கும் விலை கொடுத்தவள் நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொலைபேசிப் புத்தகத்தில் மருகமே ஹொசோகாவாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆறாவது ஆள் சரியான ஆள். போன ஞாயிறு மருகமே நிலையத்துக்கு எதிரே உள்ள உடோன் நூடுல்ஸ் கடையில் சந்தித்தோம். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறாள். தோளிலிருந்து விரல் வரை கை முழுவதும் பலம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் அந்தப் பாப்பாவா?" என்றாள். சண்டை போடத்தான் போயிருந்தேன், அப்பா. அந்தக் கேள்விக்கு என்னால் சண்டை போட முடியவில்லை.

தோட்டங்களைப் பற்றிச் சொன்னேன், பொறாமையாக இருக்கிறது என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொறாமையா? எனக்கு ஐரிஸ் பூவைப் பார்த்தாலே கடிகாரத்தைப் பார்க்கத் தோணும். வெயில் சாஞ்சு பூ அழகாத் தெரிய ஆரம்பிச்சா நாலு மணி ஆகப்போகுதுன்னு அர்த்தம். இப்பவும் என் வீட்டுக்காரர் பூங்காவுக்குக் கூப்பிட்டா போக மாட்டேன். பாய், சோத்து உருண்டை, பெஞ்சு. பதினாலு வருஷம் பெஞ்சுலயே ஒரு அப்பா."

"அப்போ உங்களுக்கு என்ன வேணும்னு இருந்தது?"

"ஒரு வேளை அவர் வீட்டுல உட்கார்ந்து சாப்பிடணும்னு இருந்தது. அவ்வளவுதான். பதினேழு வயசுல கேட்டுடலாம்னு போனேன். கேட்கிறதுக்கு முன்னாடியே, 'அடுத்த மாசம் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம்?'னு கேட்டார். அதோட விட்டுட்டேன்."

பிறகு என்னிடம் கேட்டாள், நீங்கள் சாப்பிடும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்காருவீர்கள், பேசுவீர்களா என்று. பேச மாட்டார், மிசோ சூப்பைத் தெருவுக்கே கேட்கிறமாதிரி உறிஞ்சுவார் என்றேன். "அதைக்கூட நான் பார்த்ததில்லை" என்றாள்.

அவளுக்கு மட்டும் என்று நீங்கள் பூட்டிவைத்துக் கொடுத்தது அவளுக்கு வேண்டவே வேண்டாமாம். எனக்கு வேண்டியிருந்தது, எனக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு அழகான காரியம் செய்திருக்கிறீர்கள்!

அக்டோபர் 16, ஞாயிறு. இருவரும் வீட்டுக்கு வருகிறோம். எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம். சோறு வையுங்கள், போதும்.

சயோகோ

*

தகமாட்சு
அக்டோபர் 4

சயோகோ,

வீட்டுக்கு வேண்டாம்.

ஹருயோ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்தால், போதும், விட்டுவிடு என்று அவளிடம் கேட்டிருக்கலாம். இப்போது யாரிடம் கேட்பது? செத்தவளுக்குக் கண் தெரியாது என்று சத்தியத்தை உடைக்கும் ஆள் நான் இல்லை.

நவம்பர் கடைசியில் ரிட்சுரினில் மேப்பிள் சிவந்திருக்கும். அங்கே வாருங்கள். சோற்று உருண்டை நானே செய்து கொண்டுவருகிறேன். உனக்கும் சேர்த்து.

அப்பா

*

ஒசாகா
அக்டோபர் 18

அப்பாவுக்கு,

நாங்கள் வந்தோம். உங்களுக்குத் தெரியும்.

அவள் சொன்னதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிய பிறகும் மறுபடி தோட்டத்துக்கே கூப்பிடுகிற மனிதரை என்ன செய்வது? தோமொயேவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது, போவோம் என்று மட்டும் சொன்னேன்.

சாவி தேவைப்படவில்லை. கதவு பூட்டாமல் இருந்தது. அடுப்படியில் சோறு சூடாக இருந்தது. மீன் வறுத்து மூடி வைத்திருந்தது. மேஜையில் இரண்டு பேருக்குக் கிண்ணம். நீங்கள் மட்டும் இல்லை.

அங்கேயே எனக்குத் தலைக்கேறியது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் உள்ளே வந்தால் சத்தியம் உடையாது, அப்படித்தானே? அம்மாவையும் ஏமாற்றி, எங்களையும் ஏமாற்றி, உங்கள் மனசாட்சியையும் ஏமாற்றி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவைத்துவிட்டு ஆள் நழுவிவிடுவது! ஜென்மம் முழுவதும் இதைத்தான் செய்திருக்கிறீர்கள். சோறு வைக்கத் தெரிந்த உங்களுக்குச் சோற்றுக்குப் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை.

அவள் வாசலில் வெகுநேரம் நின்றாள். யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்து, "உள்ளே வரலாமா?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு வயதுப் பெண் அப்பா வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்கிறாள். நான் "வாங்கக்கா" என்றேன். முதல் முறையாக அந்தச் சொல் என் வாயில் வந்தது.

அம்மாவின் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றினாள். "வரக் கூடாதுன்னு சொன்னீங்க. வந்துட்டேன். ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போயிடறேன்" என்றாள். இதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாப்பிட்டோம். சோற்றுக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்றாள். சமையல்காரி அல்லவா! நீங்கள் உட்காரும் திண்டு எது என்று கேட்டு, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். புறப்படும்போது, "எங்கே போயிருப்பார்?" என்றாள். "ஏதாவது ஒரு தோட்டத்துக்கு" என்றேன். இருவரும் சிரித்தோம். ரயில் நிலையம் வந்ததும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

இனி அவள் வர மாட்டாள். ஒரு வேளை என்று கேட்டாள், சாப்பிட்டுவிட்டாள். நீங்களே கதவைத் திறந்து, நீங்களே வா என்று சொன்னால் ஒழிய நானும் வர மாட்டேன். புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புவதாக இல்லை.

அவளுடைய விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன செய்வீர்களோ, உங்கள் பாடு.

சயோகோ

*

தகமாட்சு
அக்டோபர் 25

சயோகோ,

நான் எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. எதிரே உள்ள சலூனில் உட்கார்ந்திருந்தேன். முடி வெட்டி, சவரம் செய்து, அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாமல் பழைய பத்திரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருவரும் வெளியே வந்து சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். "யார் சார் அது, உங்க பொண்ணோட?" என்று சலூன்காரன் கேட்டான். "என் பொண்ணு" என்றேன். "அதான் தெரியுமே, கூட இருக்கறது யாரு?" என்றான். "அதுவும் என் பொண்ணு" என்றேன். முதல்முறையாக ஒரு வெளி ஆளிடம் சொன்னேன். அதற்குள் நீங்கள் தெருமுனை தாண்டிவிட்டீர்கள்.

நீ எழுதியதெல்லாம் சரி. சரி என்று எழுதுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

நேற்றுக் காலை ஹருயோவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "ஒரு குழந்தையைப் போய் வாசல்ல நிறுத்தச் சொன்னியேடி, நீயும் ஒரு தாயா? அதுக்குத் தலையாட்டினேனே, நானும் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். சலூன்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பதில் பேச அவள் இல்லை என்பதால் நான் ஜெயித்துவிட்டதாக அர்த்தமில்லை. இருந்தாலும் அந்தச் சத்தியத்தை அவள் இன்னொரு தடவை கேட்டால் இதையேதான் சொல்வேன்.

நவம்பர் 6, ஞாயிறு. இருவரும் வாருங்கள். அந்த ஹொசோகாவாவும் வரட்டும். தோமொயேவுக்குத் தனியாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உன் மூலம் சொல்லி அனுப்பவில்லை.

கதவை நான்தான் திறப்பேன். திறந்து என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவள் திட்டினால் திட்டட்டும், நீயும் மிச்சம் வைத்திருப்பதைத் திட்டு. ஆனால் வாசலில் நின்று வேண்டாம். இரண்டு பேரும் உள்ளே வந்து, உட்கார்ந்து திட்டுங்கள்.

அப்பா